ஐந்தாவது ஏன்

ஃபேக்டரி மேனேஜர் மணவாளனின் பாஸ்வேர்டு ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயரேதான், பின்னால் ஓர் எண். அந்த எண் மட்டுமே ரகசியம். சாயங்காலம் வெப்மெயில் திறக்காமல் போகிற ஒவ்வொரு நாளும், "எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டான், மாத்தும்மா" என்று ஏஞ்சலைக் கூப்பிடுவார். அவள் எண்ணில் ஒன்றைக் கூட்டி வைப்பாள். 2007ஆம் வருடம் ஆடி மாதத்தில் அது நாற்பத்து மூன்றைத் தொட்டிருந்தது. திருடனுக்கு எண்ணத் தெரியாது என்று அவர் நம்பினார் போலும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கான இரும்புச் சாமான்களை வார்த்துக் கொடுக்கும் ஃபவுண்டரி அது. அங்கே கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ளத்தக்கது ஒன்றே ஒன்றுதான். முன்பு துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறையில், ஏசிக்குக் கீழே, ஒரு மேசைமேல் உட்கார்ந்திருந்த சர்வர். கம்பெனியின் மெயில் அதில் வந்தது. தொழிலாளிகள் கார்டு தேய்க்கும் மெஷினுக்கு நேரம் அதிலிருந்து போனது. ஷிஃப்ட் சைரனை அடிப்பதும் அதே பெட்டிதான். ஒரே மாட்டைக் கறக்கவும் ஏரில் பூட்டவும் வண்டி இழுக்கவும் வைக்கிற வீட்டில் மாடு நோஞ்சானாவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த மாட்டை மேய்க்கத்தான் ஏஞ்சலை எடுத்திருந்தார்கள். வயது இருபத்து மூன்று. ஆறு மாதம் தற்காலிகம், சனிக்கிழமையோடு முடிகிறது.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மணவாளன் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி நின்றுகொண்டார்.

"சாமான் வாங்கற பையருக்கு டெஸ்பாட்ச் மெயில் அனுப்பணும். நாப்பத்து மூணு போட்டேன், ஏத்துக்கல. இந்தாம்மா ஏஞ்சல், உனக்கு இது கடைசி வாரம்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். இப்பவே பாக்கறேன்."

"பாக்கறது வேற, சரி பண்றது வேற. எட்டு வாரமா பாத்துட்டுதான் இருக்க. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒய்-ஒய் ஃபார்ம் எழுதி என் மேசைக்கு வரணும். ஃபார்ம் வந்தாத்தான் உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்து. யார் தப்பு, என்ன தப்பு, எல்லாம் எழுத்துல வேணும். போர்டுல ஒட்டுவேன். நாலு பேர் பாக்கட்டும்."

அவள் சர்வர் அறைக்குப் போய், படுத்துக் கிடந்த மெயில் சர்வீசை எழுப்பிவிட்டாள். அரை நிமிட வேலை. இந்தத் தடவை எண்ணைக் கூட்டவில்லை, நாற்பத்து மூன்றே தயங்காமல் உள்ளே போனது. தினமும் நடப்பது இதுதான். திரையில் வந்தது பாஸ்வேர்டு தப்பு என்ற செய்தியே அல்ல, சர்வரோடு பேச முடியவில்லை என்ற செய்தி. சிவப்பு எழுத்தைப் பார்த்ததுமே பாஸ்வேர்டு என்று முடிவு கட்டிவிடுகிறவருக்கு அதைப் படித்துக் காட்ட யாருக்குத் தைரியம் இருந்தது?

ஒய்-ஒய் ஃபார்ம் என்பது, பாகம் வாங்குகிற பெரிய கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வழிபாடு. எது கெட்டுப்போனாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு ஏனுக்கும் ஒரு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் நோயின் வேர் சிக்கிவிடும் என்பது நம்பிக்கை. தொழிலாளிகளுக்கும் புரிய வேண்டும், ஆகவே தமிழில் எழுத வேண்டும் என்று போன வருட ஆடிட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒட்டிய ஃபார்மை முப்பது நாள் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதிலிருந்து டைம் ஆபீஸுக்குப் பக்கத்துப் பலகையில் இப்படிப்பட்டவை தொங்கின. குழாய் ஏன் ஒழுகியது? வாஷர் தேய்ந்தது. வாஷர் ஏன் தேய்ந்தது? இப்படியே இறங்கிப் போனால் ஐந்தாவது கட்டத்தில் தவறாமல் ஒரே பதில் உட்கார்ந்திருக்கும்: 'தொழிலாளியின் கவனக்குறைவு. அறிவுரை வழங்கப்பட்டது.' குழாய்க்கும் அதுதான், கிரேன் கயிறு அறுந்ததற்கும் அதுதான், கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்ததற்கும் அதுதான். அதனால் மணவாளன் அவற்றைப் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுவார். முடிவு தெரிந்த கதையை எவன் படிப்பான்?

இந்தத் தடவை ஐந்தாவது கட்டத்தில் யாருடைய கவனக்குறைவு வரும் என்று ஏஞ்சலுக்கும் தெரியும்.

பெட்டியை விற்ற சென்னைக் கடையின் யாசருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மெயில் தினமும் சாயங்காலம் சாவுதுங்க."

"செத்தா எழுப்பு," என்றான் யாசர். "நிமிஷத்துக்கு ஒருக்கா உசுரு இருக்கான்னு பாத்து, இல்லன்னா எழுப்பற மாதிரி ரெண்டு வரி எழுதிப் போடு. நூறு கம்பெனிக்கு அதுதான் போட்டுக் குடுத்திருக்கேன். எவன் கேக்கறான்?"

"ஏன் சாவுதுன்னு?"

"அத்த ஆராய்ச்சி பண்ணா எனக்கு பேஜாரு, உனக்கும் பேஜாரு. வெச்சிரட்டா?"

இரண்டு வரிதான். எழுதினால் மெயில் விழுந்த தடயமே தெரியாது. லெட்டரும் வந்துவிடும். நாளைக் காலையில் எழுதிவிடலாம் என்று நினைத்தபடி அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

ஆறே முக்கால் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் அவள் அப்பா சாலமோன் இடம் பிடித்து வைத்திருந்தார். அதே ஃபவுண்டரியில் பதினெட்டு வருடமாக அச்சுக்கு மண் இடிக்கிறவர். சைரன் அடித்து, கை கழுவி, கேட்டில் சோதனை கொடுத்து ஓடிவருவதற்குள் ஐந்தே முக்கால் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். அதனால் அவரும் இன்னும் இருபது இருபத்தைந்து பேரும் ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றுவிட்டு, ஏஞ்சல் ஏறுகிற பஸ்ஸிலேயே வருவார்கள். துணைக்கு அப்பா வருகிறாரே என்று அவளுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

"வாச்சைச் சரி பண்ணிட்டேம்மா," என்று மணிக்கட்டை நீட்டினார் சாலமோன். "சாயங்காலம் ஆனா பன்னெண்டு நிமிஷம் மின்னாடி ஓடிக்கினு இருந்துச்சில்ல? போன மாசம் அத்த நம்பி அஞ்சரைக்கு மண்வாரியக் கீழ போட்டேன். சைரனே அடிக்கல. சூப்பர்வைசர் மெமோ குட்த்துட்டான்."

"ரிப்பேர் பண்ணது யாரு?"

"பஜார்ல தணிகாசலம். பிரிச்சிப் பாத்துட்டு இன்னா சொல்றான் தெரியுமா? 'சாலமோனு, உன் வாச்சு சுத்தமா ஓடுது, உன் கம்பெனிதான் ஓடல'ன்றான். திமிர் புட்ச்சவன். 'கம்பெனி சைரன் கம்ப்யூட்டர்ல அடிக்குது நைனா, என் பொண்ணு வெச்சிக்கினு இருக்கற கம்ப்யூட்டரு, அது பொய் சொல்லுமா?'ன்னேன். வாய மூடிக்கினான். பன்னெண்டு நிமிஷம் பின்னால தள்ளி வெச்சிக் குட்த்தான்."

"அப்ப காலைல?"

"காலைல பஸ் ஹாரனுக்குத்தான கெளம்பறேன். வாச்சு எதுக்கு?"

ஏஞ்சல் சிரித்தாள். அப்பாவின் அசட்டுத்தனத்தில் அவளுக்கு ஒரு கௌரவமும் கலந்திருந்தது. பொய் சொல்லாத கம்ப்யூட்டர் அவளுடையது அல்லவா!

வெள்ளிக்கிழமை காலை யாசரின் இரண்டு வரியை எழுத உட்கார்ந்தாள். எழுதும் முன், போகிற போக்கில், மெயிலின் லாகைத் திறந்தாள். நடந்ததையெல்லாம் நிமிட வாரியாகச் சர்வர் தானே எழுதி வைத்துக்கொள்கிற நாட்குறிப்பு அது. எட்டு வாரமாக அவள் அதைப் புரட்டியதே இல்லை. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தினாளே தவிர, எதில் தடுக்கி விழுந்தான் என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. மணவாளனைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

நேற்று மாலை 5:20க்கு எதிரே ஆங்கிலத்தில் ஒரு வரி. 'நேரம் 720 விநாடி பின்னால் போய்விட்டது. இதனால் பல கோளாறுகள் வரலாம். ஆகவே நான் இப்போதே என்னைக் கொன்றுகொள்கிறேன்.'

அவள் இரண்டு முறை படித்தாள். முந்தின நாள், அதற்கு முந்தின நாள், எல்லா நாளும் அதே வரி. நேரம் பின்னால் போவதைக் கண்டதும் அந்த மெயில் சர்வீஸ் பிழைத்திருக்க விரும்பவில்லை. அதற்கு இருந்த ரோஷம்! வரிக்கு அடுத்து நேரம் 5:08. பிறகு 5:09, 5:10 என்று மறுபடியும். அந்தக் கம்பெனியில் மட்டும் ஒவ்வொரு மாலையும் அதே பன்னிரண்டு நிமிடம் இரண்டு முறை வந்துபோயிருந்தது. வெளியே ரோட்டில், எளாவூர் செக்போஸ்டில், உலகம் முழுவதும் பொழுது ஒரே ஒரு முறை சாய்ந்துகொண்டிருக்க, இந்த மதிலுக்குள் மட்டும் சூரியனைப் பிடித்துப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

720 விநாடி. பன்னிரண்டு நிமிடம். அப்பாவின் வாட்ச்.

ஜூலை மாதம் முழுவதையும் புரட்டினாள். தினமும் ஆறேகால் வாக்கில் நேரம் மறுபடி முன்னால் தாண்டியிருந்தது. ஞாயிறுகளைத் தவிர்த்தால் இரண்டே நாள்தான் மெயில் சாகவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் வந்து, இளநீர் குடித்து, ரெஜிஸ்டர் பார்த்துவிட்டுப் போன இரண்டு நாள்.

அன்று மாலை ஐந்தேகாலுக்கு அவள் டைம் ஆபீஸுக்குப் போனாள். அங்கே கிளார்க் ஆதிகேசவன். ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கி. முன்பு சைரன் சுவிட்சைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தவர். சர்வர் வந்த பிறகு, அதோடு இணைத்த ஒரு கீபோர்டும் திரையும் அவர் மேசைக்கு வந்திருந்தன. டைம் ஆபீஸ் பக்கம் உன் வேலை இல்லை என்று ஏஞ்சலிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"இன்னாம்மா, இந்தப் பக்கம்?" என்றார் ஆதிகேசவன்.

"சும்மாதான் அண்ணே."

ஐந்து இருபது ஆனது. ஆதிகேசவன் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தார். அதில் சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டும், நேரத்தை மாற்றும் ஒரு வரியும். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, மந்திரம் போல அடித்து முடித்தார். திரையின் மூலையில் 5:08.

"இது இன்னாண்ணே?"

"டைம் அட்ஜஸ்ட்மென்ட். மிசினு கொஞ்சம் ஃபாஸ்டா ஓடுதாம். தெனம் இந்த நேரத்துக்கு லேசா இட்டாறச் சொல்லி மேனேஜர் ஆர்டரு."

"அப்புறம் ஆறேகாலுக்கு மறுபடி முன்னால தள்றீங்களே?"

"ராத்திரியில ஸ்லோவா ஆயிடுதாம்," என்றார் ஆதிகேசவன். முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. பிறகு மெல்ல, வெற்றிலைக் கறையோடு சிரித்தார். "கண்ணு, நீ படிச்ச பொண்ணு. நானூறு பேரு. ஆளுக்குப் பன்னெண்டு நிமிஷம். கணக்குப் போட்டா உனுக்குத் தல சுத்தும். எனுக்கு சுத்தாது, ஏன்னா நான் போட்றதில்ல. ஆளுங்க உள்ள செல்லு கொண்டாரக் கூடாது, செவுத்துல இருந்த கடியாரம் பெயின்ட் அடிக்கப் போச்சு, வரல. எவனுக்குத் தெரியும்?"

"வாட்ச் கட்டினு வர்றவங்களுக்கு?"

"அவுனுங்க வாச்சு ரிப்பேரு," என்றார் ஆதிகேசவன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவள் அங்கேயே நின்றாள். ஃபவுண்டரிக்குள்ளிருந்து மண் இடிக்கும் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் எது அப்பாவுடையது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சைரன் அடித்தபோது அவளுடைய செல்லில் ஐந்து நாற்பத்திரண்டு. ஆட்கள் ஓடினார்கள். பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் ஒரு முறை கேட்டுத் தேய்ந்தது.

சனிக்கிழமை காலை ஃபார்மை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாசரின் இரண்டு வரி, ஐந்தாவது கட்டத்தில் 'ஏஞ்சலின் கவனக்குறைவு', கையில் லெட்டர். அது ஒரு வழி. அந்த லெட்டர் வந்தால், குடும்பத்தில் கரி படியாத சட்டையோடு வேலைக்குப் போகிற முதல் ஆள் அவள்தான் என்பது உறுதியாகும். அம்மா ஞானம்மா சர்ச்சில் சாட்சி சொல்லக்கூடத் தயாராக இருந்தாள். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதினால், நேரம் பின்னால் போகும்போதெல்லாம் நாணிச் சாகிற ஒரே ஜீவனையும், சாகாதே, பார்க்காத மாதிரி இரு என்று பழக்கியாக வேண்டும். அப்படிப் பழகியவர்கள் அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்தார்கள்.

அவள் முதலில் சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டை மாற்றினாள். இனிமேல் நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். அப்புறம் ஃபார்மை எழுதினாள், தெளிவான கையெழுத்தில்.

ஏன் வெப்மெயில் திறக்கவில்லை? மெயில் சர்வீஸ் நின்றுவிட்டது.

ஏன் நின்றது? சர்வரின் நேரம் பன்னிரண்டு நிமிடம் பின்னால் போனது.

ஏன் பின்னால் போனது? தினமும் மாலை 5:20க்கு டைம் ஆபீஸிலிருந்து மாற்றப்பட்டது.

ஏன் மாற்றப்பட்டது? ஃபேக்டரி மேனேஜரின் உத்தரவு.

ஐந்தாவது கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஏன் அப்படி ஓர் உத்தரவு? அவள் எழுதினாள்: ஐந்தரைக்கு அடிக்க வேண்டிய சைரன் ஐந்து நாற்பத்திரண்டுக்கு அடிப்பதற்காக.

எடுத்த நடவடிக்கை: இனி நேரத்தை யாரும் கையால் மாற்ற முடியாது. இன்று முதல் சைரன் சரியாக அடிக்கும்.

மத்தியானம் மணவாளன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். கோப்பில் ஃபார்ம் மேலே, கன்ஃபர்மேஷன் லெட்டர் கீழே.

"எழுதிட்டியா? அஞ்சு கட்டமும் ரொப்பியாச்சா?"

"ரொப்பிட்டேன் சார்."

"கடைசிக் கட்டத்துல உண்மைய எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"குட். தப்ப ஒத்துக்கறவங்கதான் முன்னுக்கு வருவாங்க." இடது கையால் ரசத்தை ஊற்றிக்கொண்டே வலது கையால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை. "போர்டுல ஒட்டச் சொல்லு. எல்லாரும் பாக்கற மாதிரி, நடுவுல."

நடுவிலேயே ஒட்டினார்கள்.

ஐந்து இருபத்திரண்டுக்கு டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "கண்ணு, அனுமதி இல்லன்னுது இந்தச் சனியன். இன்னா, எனுக்கும் பாஸ்வேர்டு எடுக்கலியா? மேனேஜர் வியாதி எனுக்கும் தொத்திக்கிச்சா?"

"போர்டைப் படிங்கண்ணே."

எதிர்முனையில் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு, "அடிப்பாவி," என்றார் ஆதிகேசவன். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஐந்தரைக்குச் சைரன் அடித்தது.

ஒரு நிமிடத்துக்கெல்லாம் மணவாளன் சர்வர் அறை வாசலில் நின்றார். அந்த அறைக்குள் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். கேட்க வந்த கேள்வியைக் கேட்க வேண்டுமானால், முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர் பின்னால் ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"சைரன்..." என்றார்.

"சொல்லுங்க சார்."

"சைரன் இப்ப அடிச்சுதே."

"ஆமா சார். அஞ்சரை."

அவர் தன் தங்க நிற வாட்ச்சைப் பார்த்தார். அதுவும் ஐந்தரைதான் காட்டியிருக்க வேண்டும். மேனேஜர்களின் வாட்ச் ரிப்பேர் ஆவதில்லை.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"ஃபார்ம்ல எழுதியிருந்தேன் சார். நீங்க கையெழுத்துப் போட்டீங்களே." பிறகு, அவர் போய்விடப் போகிறாரே என்று பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்: "மெயில் தொறக்குதா சார்? நாப்பத்து மூணே போதும், மாத்த வேணாம்."

மணவாளன் பலகை இருந்த திசையில் நடந்தார், அப்புறம் கொஞ்சம் வேகமாக. பலகை முன்னால் நூறு பேராவது இருந்தார்கள். ஒருவன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். நான்காவது ஏனில் சிரிப்பு ஆரம்பித்து, ஐந்தாவதில் நின்றுவிட்டது. முப்பது நாள் எடுக்கக் கூடாத அந்தக் காகிதத்தை அத்தனை பேருக்கு நடுவே கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார். திங்கட்கிழமை என்ன செய்வாரோ. திங்கட்கிழமை என்று ஒன்று அவருக்கும் இருந்தது.

கையெழுத்தான லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஏஞ்சல் கேட்டுக்கு ஓடினாள். இன்றைக்கு ஐந்தே முக்கால் பஸ். எட்டு வாரத்தில், ஆய்வாளர் வந்த இரண்டு நாளைத் தவிர்த்தால், முதல் தடவையாக ஆட்கள் அதைப் பிடிக்கப் போகிறார்கள். கேட்டைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், சத்தம் போட்டுக்கொண்டு, முதுகில் தட்டிக்கொண்டு. எல்லா முகத்தையும் பார்த்தாள். அப்பா இல்லை.

ஃபவுண்டரிக்குள் திரும்பிப் போனாள். உலை சிவந்து கிடந்தது. நானூறு பேர் வேலை செய்கிற கொட்டகையில் ஒரே ஒரு இடி சத்தம். சாலமோன் தனியாக நின்று அச்சுப் பெட்டியில் மண்ணை இடித்துக்கொண்டிருந்தார்.

"ப்பா! இன்னா பண்ற? சைரன் அடிச்சாச்சு!"

"அடிச்சிச்சு, கேட்டேன்." அவர் நிறுத்தவில்லை. "தப்பா அடிச்சிச்சிம்மா. இந்தப் பசங்க விட்டாப் போதும்னு ஓடறானுங்க. நான் ஒருக்கா அந்த மாரி போட்டுட்டு மெமோ வாங்கிக்கினவன்." இடது மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். கரி படிந்த கண்ணாடிக்குள் ஐந்து இருபத்தைந்து. "பாரு, இன்னும் அஞ்சு நிமிஷம் கீது. உன் மிசின்ல இன்னாமோ கோளாறு. போய்ச் சரி பண்ணு, ஓடு. லெட்டர் வர்ற நாள்ல வேலைக்கு வேட்டு வெச்சிக்காத."

"ப்பா, போர்டுல ஒட்டியிருக்கு. போய்ப் படி."

"போர்டுல இன்னா இருக்கும்? கவனக்குறைவு. அத்தப் படிக்க ஓடணுமா?"

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இடித்தார். வெளியே பஸ் வந்து நிற்கும் ஹாரன் நீளமாகக் கேட்டது, ஆட்கள் முண்டியடித்து ஏறும் சத்தம் கேட்டது, யாரோ படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசில் அடித்தார்கள். ஏஞ்சல் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பையில் லெட்டர் மடிப்புக் கலையாமல் இருந்தது.

சரியாக ஐந்து நாற்பத்திரண்டுக்கு, வாட்ச்சில் ஐந்தரை ஆனதும், சாலமோன் இடிகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.